பற்றுக் கொப்பியும் கொள்ளைநோயும்: மலையகச் சிறுகடையின் வரலாற்றில் இரு கட்டங்கள்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் துரையையும் கங்காணியையும் தொழிற்சங்கத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். லயத்திற்கும் நகருக்கும் இடையே, தோட்டத்துப் பாதை பெருந்தெருவில் வந்து சேரும் முனையில் நின்ற சில்லறைக் கடையை அவர்கள் போகிற போக்கிலேயே தொட்டுச் சென்றனர். அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துக்குச் செக்ரோல் உண்டு. கம்பனிக்கு ஆண்டறிக்கை உண்டு. அரசாங்கத்துக்குக் குடிசன மதிப்பீடு உண்டு. கடைக்கு இருந்தது பற்றுக் கொப்பி ஒன்றே. பக்கங்கள் தீர்ந்து, கணக்கும் தீர்ந்தபின் அக்கொப்பி வெல்லத்துக்கும் கருவாட்டுக்கும் பொட்டலமாகிவிடும். சுவடிக்கூடத்தில் இடம்பெறாத இந்த ஆவணமே, கொள்ளைநோய்க் காலங்களில் ஒரு குடும்பத்தின் தொழில் நின்றதா விழுந்ததா என்பதைத் தீர்மானித்தது.

கடையின் பொருளாதாரம் சம்பளத் திகதியைச் சுற்றி அமைந்ததாகும். தோட்டத் தொழிலாளிக்கு முன்மாதத்து வேதனம் 10ஆம் திகதியளவில் கிடைக்கிறது. இடையில் ஒரு முற்பணம் உண்டு. எஞ்சிய நாட்களில் குடும்பத்தின் அடுப்பு எரிவது கடைக்காரர் தரும் கடனில்தான். கோதுமை மா, அரிசி, சீனி, பருப்பு, கருவாடு, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எனச் சிறு அளவுகளில் எடுத்துச் சென்று கொப்பியில் எழுதச் சொல்வர். சம்பள நாளன்று தோட்ட நிர்வாகம் முற்பணத்தையும் சேமலாப நிதியையும் சங்கச் சந்தாவையும் கழித்துக்கொண்டு மிகுதியையே கையில் கொடுக்கும். அம்மிகுதியிலிருந்துதான் கடைக்காரர் தமது நிலுவையைப் பெறவேண்டும். ஆக, பசிக்கு முதலில் கொடுப்பவர் கடைக்காரர். கடனை இறுதியாகப் பெறுபவரும் அவரே. இவ்வரிசை முறையை மனங்கொள்ளாது மலையகச் சிறு வணிகத்தின் எழுச்சியையோ வீழ்ச்சியையோ விளங்கிக்கொள்ளல் இயலாது.

இவ்வமைப்பின் வேர்கள் கோப்பிக் காலத்திலேயே ஊன்றப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு வேண்டிய அரிசியும் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தது. வேதனத்தின் ஒரு பகுதியைத் தோட்டங்கள் அரிசியாகவே வழங்கின. ஏனைய தேவைகளுக்குக் கடை வேண்டியிருந்தது. சில இடங்களில் பெரியகங்காணியே கடை வைத்திருந்தார். வேறிடங்களில் திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்த வணிகரும், முஸ்லிம் வியாபாரிகளும், தென்னிலங்கைச் சிங்கள முதலாளிமாரும் கடை திறந்தனர். இவர்களுக்குப் பின்னால் கொழும்புச் செட்டியார் தெருவின் கடன் இருந்தது. அதற்குப் பின்னால் ஆங்கில வங்கிகளின் கடன் இருந்தது. கொழுந்துக் கூடைக்காரி ஒருத்தி வாங்கிய கால் இறாத்தல் சீனி, இவ்வாறு மூன்று நான்கு கைகள் மாறிய கடனின் கடைசிக் கண்ணியாகும்.

மலைநாட்டுக் கடைத்தெருவை முதன்முதலில் நிலைகுலையச் செய்த கொள்ளைநோய் மனிதரைத் தாக்கியதன்று, இலையைத் தாக்கியதாகும். 1869இல் மடுல்சீமையில் கண்டறியப்பட்ட கோப்பித் துருநோய் அடுத்த இரு தசாப்தங்களுக்குள் ஒரு பயிர்த்தொழிலையே துடைத்தழித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதே ஆண்டிலேயே அட்டனுக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. மறுவருடம் அது நானுஓயாவை எட்டியது. பழைய பயிரோடு பழைய கடன் அழிய, புதிய பயிரோடு புதிய கடைத்தெரு எழுந்தது. இன்றைய அட்டன், தலவாக்கலை, கொட்டகலை ஆகிய நகரங்கள் அப்புதிய எழுச்சியின் பயனாகத் தோன்றியவையே.

மனிதரைத் தாக்கிய பெருநோய் 1918இல் வந்தது. உலகப் போரின் இறுதியில் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கையை விட்டுவைக்கவில்லை. 1891 முதல் 1931 வரையான ஐந்து குடிசன மதிப்பீடுகளைக் கொண்டு சித்தார்த் சந்திராவும் டில்ஷானி சரத்சந்திரவும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயால் இத்தீவுக்கு நேர்ந்த குடித்தொகை இழப்பு ஏறத்தாழ 3,07,000 என்றும், அது மொத்தக் குடித்தொகையில் சுமார் 6.7 சதவீதம் என்றும் மதிப்பிடுகின்றது. முந்திய மதிப்பீடுகளை விட இது பெரிதும் உயர்ந்தது. அவ்வாய்வின் மற்றொரு முடிபு மலையகத்தைப் பொறுத்தவரை அதனினும் முக்கியமானது. வட பகுதியிலும் தென் பகுதியிலும் மரணங்கள் 1918 ஒக்டோபர் முற்பகுதியில் உச்சத்தை அடைந்தன. மத்திய பகுதியிலோ உச்சம் 1919 மார்ச் முற்பகுதியிலேயே வந்தது. நோய் தீவினுள் நுழைந்த வாயில்கள் இரண்டு என்பதையும் அவர்கள் காட்டினர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே படகுச் சேவை தொடங்கியபின், தோட்டங்களுக்கு ஆள் வந்த வழி எது என்பதை நினைவுகூர்ந்தால், வட வாயில் எதுவென விளங்கும்.

மலைநாட்டின் நிலையை இந்த ஐந்து மாத இடைவெளியே வேறுபடுத்தியது. நோய் உச்சமடைந்த வேளையில் அரிசித் தட்டுப்பாடும் உடன் வந்து சேர்ந்தது. 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசியின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. இறக்குமதி அரிசியை நம்பியிருந்த இலங்கையில் விலை மளமளவென ஏறியது. தோட்டம் தன் தொழிலாளிக்கு அரிசியைக் குறித்த விலைக்குக் கொடுத்து, அதைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வசதியுடையது. கடைக்காரருக்கு அவ்வசதி இல்லை. அவர் கூடிய விலைக்குக் கொள்முதல் செய்து, காய்ச்சலில் படுத்து வேலைக்குப் போகாத வீட்டுக்கும் எழுதிக் கொடுக்கவேண்டியவரானார். வேலை இல்லையேல் பெயர் இல்லை. பெயர் இல்லையேல் சம்பளம் இல்லை. தொழிலாளி இறந்தால் தோட்டத்துக் கடன் கங்காணியின் கணக்கில் உயிரோடிருந்தது; கடைப் பற்றோ பிணத்துடன் புதைந்தது.

அக்காலத்துத் 'துண்டு' முறையை இவ்விடத்தில் நினைவுபடுத்துதல் தகும். தொழிலாளி இன்ன தொகை கடன்பட்டவர், அதைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவார் எனத் தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மனிதரோடு கடனும் மாறிச் செல்ல அது வழிசெய்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் அதனை ஒழித்தது. தொழிலாளரின் விடுதலையில் இது ஒரு பெரும் படி என்பதில் ஐயமில்லை. ஆயின் கடைக்காரரின் கடன் எக்காலத்திலும் துண்டில் ஏறியதில்லை. அது வாய்ச்சொல்லையும் முகப்பழக்கத்தையும் மட்டுமே பிணையாகக் கொண்டிருந்தது. சட்டம் தராத பாதுகாப்பை உறவுமுறை தந்தது: 'அண்ணாச்சி', 'நானா', 'முதலாளி' என அழைப்பவர் கடனை மறந்து ஓடிப்போவது அவ்வளவு எளிதன்று.

நோய் தணிந்த கையோடு 1920இல் தேயிலை விலை சரிந்தது. கொழுந்தெடுப்புக் குறைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளின் பின், 1925இல், ஆங்கில வங்கிகள் செட்டியாருக்கான கடன் வசதியைச் சுருக்கிக்கொண்டன. அந்நெருக்கடியின் அதிர்வு கொழும்போடு நின்றதெனக் கொள்ளலாகாது. மொத்த வியாபாரி கடனை நிறுத்தினால் சில்லறைக் கடைக்காரரின் அலுமாரி ஒரு மாதத்துக்குள் காலியாகிவிடும். கொள்ளைநோயைக் கடந்து வந்த கடை, அதைத் தொடர்ந்து வந்த பணநெருக்கடியில் வீழ்ந்துபோவது இவ்வாறுதான். இம்முறைமை நூறாண்டு கழித்து மீண்டும் தோன்றியது.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கலாம். 1930களின் தொடக்கத்து மந்தத்தில் பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் அதே காட்சி பெரிய அளவில் நிகழ்ந்தது. கடன்பட்டவர் கப்பலேறினார், கொப்பி இங்கே நின்றது. புறப்படுமுன் செப்புக் குடத்தை விற்றுக் கடையில் கணக்கு முடித்துச் சென்றவர் பற்றியும், முடிக்காமலே சென்றவர் பற்றியும் மலையகத்தில் கதைகள் உண்டு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் கடைகளே எரிந்தன. கொள்ளைநோய்க்கு ஈடுகொடுத்த கொப்பி நெருப்புக்கு ஈடுகொடுக்கவில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடளாவிய ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொவிட் தொற்றுக்குள்ளான முதலாவது உள்நாட்டவர் அடையாளங் காணப்பட்டு அப்போது பத்து நாளளவே ஆகியிருந்தது. நாடு வீட்டுக்குள் இருந்தது. கொழுந்து வீட்டுக்குள் இருக்கவில்லை. தேயிலைத் தொழில் இயங்க அனுமதிக்கப்பட்டது, பெரட்டு கலையவில்லை. 1883 முதல் கொழும்பில் நேரில் நடந்துவந்த தேயிலை ஏலம் 2020 ஏப்ரில் 4ஆம் திகதி முதற்றடவையாகக் கணினிவழி நடத்தப்பட்டது. தொழிலாளியின் நாட்சம்பளமாகிய 700 ரூபாய் குறைவாயினும் தொடர்ந்து வந்தது. 1919க்கும் 2020க்கும் இடையிலான முதன்மை வேறுபாடு இதுவே. முன்னதில் தொழிலாளி படுத்தார், சம்பளம் நின்றது. பின்னதில் தொழிலாளி நின்றார், சம்பளமும் நின்றுவிடாமல் வந்தது. அதனால் தோட்டத்து முனைக் கடையின் கொப்பியும் உயிர் தப்பியது.

தப்பியதோடன்றி, ஒரு காலம் இழந்த முக்கியத்துவத்தை அது மீளவும் பெற்றது. வீதிகள் சீராகி, முச்சக்கர வண்டிகள் பெருகியபின் சம்பள நாளில் அட்டனுக்கோ தலவாக்கலைக்கோ சென்று சாமான் வாங்குவது வழக்கமாகியிருந்தது. முனைக் கடைக்கு எஞ்சியது மாதக் கடைசியின் கடன் வியாபாரம் மட்டுமே. ஊரடங்கு அவ்வழியை அடைத்தது. பேருந்து இல்லை, நகருக்குச் செல்ல அனுமதி வேண்டும். நடந்துசெல்லும் தூரத்தில் உள்ள கடையே களஞ்சியமாயிற்று. ஆனால் விற்பனை பெருகியதைக் கண்டு இலாபம் பெருகியதெனக் கொள்ளலாகாது. விற்றதெல்லாம் கொப்பியில் ஏறியது. கொள்முதலுக்கோ மொத்த வியாபாரிகள் பல இடங்களில் கைக்காசு கேட்கத் தொடங்கினர். கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்து லயத்துக்குப் பணம் அனுப்பிய இளைஞரும் யுவதிகளும் சிலர் அங்கேயே அடைபட்டனர். சிலர் வெறுங்கையோடு வீடு திரும்பினர். ஒரு சம்பளத்தில் உண்ணும் வாய்கள் கூடின. பற்றும் கூடியது.

நகரத்துக் கடைகளின் நிலை முற்றிலும் வேறு. தையற்கடை, புடைவைக் கடை, சிகையலங்கார நிலையம், தேநீர்க்கடை, சிறு விடுதி ஆகியவற்றுக்குக் கொப்பி இல்லை. அன்றன்றைய வாடிக்கையே அவற்றின் மூலதனம். தையற்காரர் சிலர் முகக்கவசம் தைத்து வாடகையைச் சமாளித்தனர். சிகையலங்காரம் செய்வோர்க்கு அவ்வழியும் இல்லை. சிவனொளிபாத மலைப் பருவம் மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நீடிப்பது. அது இடைநடுவில் நின்றுபோனது. ஆறு மாத வருமானத்தில் ஆண்டு முழுவதையும் ஓட்டும் நல்லதண்ணி வழிக்கடைகளுக்கு, கொள்முதல் செய்து அடுக்கிய பொருளே சுமையாயிற்று. நுவரெலியாவில் 2019 ஏப்ரில் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளால் ஒரு வசந்தகாலம் பாழானது. மறுவருடத்து வசந்தகாலம் நடைபெறவேயில்லை. அறை வாடகைக்கு விடுவோரும், குதிரைச் சவாரி நடத்துவோரும், படம் பிடிப்போரும், கம்பளிச் சட்டை விற்போரும் தொடர்ந்து இரண்டு ஏப்ரில்களை இழந்தனர். விமான நிலையம் உல்லாசப் பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டதோ 2021 ஜனவரியில்தான்.

2020 ஒக்டோபரில் எழுந்த இரண்டாம் அலை நேரடியாகக் கடைத்தெரு வழியே மலையேறியது. பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவியபோது, அங்கு கொள்முதல் செய்த வியாபாரிகள் மூலம் அது அட்டன் நகரையும் எட்டியது. அம்மாத இறுதியில் நகரின் கடைகள் மூடப்பட்டன. 1919இல் நோய் மனிதரைச் சுமந்துவந்த பாதையில் வந்தது. 2020இல் அது சரக்கைச் சுமந்துவந்த பாதையில் வந்தது. தீபாவளி நெருங்கிய வேளை அது என்பதை மறத்தலாகாது. மலையகத்தில் தீபாவளி வெறும் பண்டிகையன்று. தோட்டங்கள் விசேட முற்பணம் வழங்குவதும், புடைவைக் கடைகள் ஆண்டின் பெரும் வியாபாரத்தைக் காண்பதும் அப்போதே.

அரசாங்கம் நிவாரணம் வழங்காமல் இருக்கவில்லை. சிறிய, நடுத்தர முயற்சிகளின் கடன் தவணைகளுக்கு இலங்கை மத்திய வங்கி ஆறு மாத அவகாசம் அளிக்கச் செய்தது. 4 சதவீத வட்டியில் தொழிற்படு மூலதனக் கடனையும் அறிமுகப்படுத்தியது. வட்டி குறைவென்பதில் ஐயமில்லை. எனினும் அக்கடனைப் பெற வேண்டியவை எவை? தொழிற் பதிவு, வங்கிக் கணக்கு, வரவு செலவுப் பதிவேடு, பிணை. தோட்டத்து முனைக் கடை பல இடங்களில் அரசிடமிருந்து கம்பனி குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நிற்பது. அதற்கு உறுதி இல்லை. அதன் சொத்தெல்லாம் கொப்பியில் உள்ளது. அக்கொப்பியை எந்த வங்கி முகாமையாளரும் பிணையாக ஏற்கமாட்டார். தவணை அவகாசம் என்பதும் வங்கியில் கடன் பெற்றவருக்கே பயன்படும். கொடுத்த கடனுக்குத் தாமே அவகாசம் அளித்துக்கொண்டிருந்த கடைக்காரருக்கு அவகாசம் அளிக்க எவருமிலர்.

அப்படியாயின் மூலதனம் எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்தே வந்தது. மனைவியின் தாலிக்கொடியும் மகளின் காதணியும் அடகுக்கடைக்குச் சென்றன. சீட்டு எடுத்த பணம் மா மூடையாயிற்று. குடும்பத் தொழில் என்று பொருளியலாளர் கூறுமிடத்து, அதன் தாங்குசக்தியை வியந்துரைப்பது வழக்கம். அத்தாங்குசக்தி கூலி கொடுக்கப்படாத உழைப்பின் மறுபெயர் என்பதைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. கணவர் லொறிச் சரக்குக்கு அலைய, கடையில் நின்றவள் மனைவி, நிறுத்தவள் அவள், கடன் இல்லை என்று சொல்லவேண்டிய சங்கடத்தையும், சொல்லமுடியாமல் எழுதிக்கொண்ட சுமையையும் ஏற்றவள் அவளே. பள்ளிக்கூடம் மூடிய காலத்தில் பிள்ளைகளும் கடைக்கு வந்தனர். இணையவழிப் பாடத்துக்கு வேண்டிய கைத்தொலைபேசி ஒன்றே இருந்த வீட்டில், அது பாடத்துக்கா சரக்குச் சொல்வதற்கா என்ற வழக்கும் எழுந்தது. 1919இன் கடைகளிலும் பெண்கள் நின்றிருக்கவேண்டும். அவர்களைப் பற்றி எழுதியவர் இலர்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் பல்லாண்டு கேட்டுப் போராடிய தொகை அது. கடைக்காரரும் மகிழ்ந்தார், சம்பளம் ஏறினால் நிலுவை இறங்கும் என்பது அவரது கணக்கு. ஆயின் கொழுந்தின் நிறையை உயர்த்தினர் என்றும் வேலை நாட்களைக் குறைத்தனர் என்றும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. மே 21 முதல் ஒரு மாதம் பயணத்தடை. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு. அதே ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட, நுவரெலியாவின் மரக்கறித் தோட்டக்காரரும் தளர்ந்தனர். உழவரின் வாங்கும் சக்தி குறைந்ததும் அவர் பற்றும் நீண்டது. இவ்வளவிற்கும் பின்னரும், 2021இன் இறுதியில் பெரும்பாலான முனைக் கடைகளின் கதவு திறந்தே இருந்தது என்பதே குறிப்பிடத்தக்கது.

கடையை வீழ்த்தும் அடி அதன்பின் வந்தது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரியத் தொடங்கியது; ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதமளவில் 360 ரூபாயை அண்மித்தது. ஏப்ரில் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு அது 94.9 சதவீதம். ஒரு கிலோ இறக்குமதிப் பால்மா 2021 ஒக்டோபரில் 945 ரூபாயிலிருந்து 1,195 ரூபாயாகவும், 2022 மார்ச்சில் 1,945 ரூபாயாகவும் உயர்ந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாயிலேயே நின்றது.

இவ்வெண்களைப் பற்றுக் கொப்பியின் மீது வைத்துப் பார்த்தல் வேண்டும். 2021இல் ஒரு குடும்பம் 10,000 ரூபாய் பாக்கி வைத்திருந்ததெனக் கொள்வோம். அத்தொகைக்கு அன்று கடைக்காரர் பத்துப் பால்மாப் பொதிகளை வாங்கியிருக்க முடியும். ஓராண்டு கழித்து அக்குடும்பம் ஒரு சதமும் குறையாமல் நாணயமாகக் கடனைத் தீர்த்தாலும், அப்பணத்துக்கு ஐந்து பொதிகளே வந்தன. கடன் தீர்ந்தது, அலுமாரி பாதியாயிற்று. கொப்பியில் வட்டி எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. விலையேற்றத்தை வட்டியாகச் சேர்த்தால் உறவு முறியும், சேர்க்காவிடில் கடை முறியும். கொடுத்தவரும் ஏமாற்றவில்லை, பெற்றவரும் ஏமாற்றவில்லை. இருவருக்குமிடையே இருந்த எழுத்தின் பெறுமதியே கரைந்துபோயிற்று. நோய்க்காலம் முழுவதும் மூலதனமாக நின்ற நம்பிக்கை, நாணயப் பெறுமதி சரிந்த சில மாதங்களில் நட்டமாக மாறிய விதம் இது.

அதன் விளைவு கடைகளின் கதவில் எழுதப்பட்டது. 'கடன் இல்லை' என்ற அட்டை மலையகத்துக்குப் புதிதன்று. முன்னர் அது பெரும்பாலும் அந்நியருக்காகத் தொங்கியது. 2022இல் அது அயல் லயத்தாருக்கும் உரியதாயிற்று. மா கிலோக் கணக்கிலிருந்து கால் கிலோவாகவும், எண்ணெய் போத்தலிலிருந்து சிறு பைகளாகவும் சுருங்கி, கைக்காசுக்கு விற்கப்பட்டது. சில கடைகள் அவ்வாறு நின்றன, சில மூடின, மூடிய குடும்பங்களின் பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றனர். மூடாது நின்ற கடைகளில் பழைய கொப்பி பணப்பெட்டியின் அடியில் கிடந்தது. புதிய கொப்பி திறக்கப்பட்ட இடங்களிலும் முதற் பக்கங்களில் சில வீடுகளின் பெயர்களே எழுதப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இதற்குமுன் அங்கு காணப்படாத ஒரு புதிய குறிப்பாக, கடனின் உச்ச அளவும் எழுதப்பட்டது.